அழகர் போகும் வழியில்

சித்திரைத் திருவிழா எப்போது என்று மதுரைக்காரரிடம் கேட்டால் தேதி சொல்ல மாட்டார். "அழகர் ஆத்துல எறங்குறதுக்கு இன்னும் இருபது நாள் இருக்கு" என்று அங்கிருந்துதான் கணக்கு வைப்பார். சித்திரை முழுநிலவு எந்த நாளில் வருகிறதோ அன்று விடியலில் அழகர் வைகையில் இறங்குவார். 2022-இல் அது ஏப்ரல் 16. 2023-இல் மே 5. 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. இப்படி ஒரு மாதம் முன்னும் பின்னும் ஓடும் நாள் என்பதால், அழகரைப் பின்தொடர நினைக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது பஞ்சாங்கம் பார்ப்பது. பௌர்ணமி நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அன்று மாலை நீங்கள் அழகர்கோயிலில் இருக்க வேண்டும். ஆற்றில் இறங்கும் நாளிலிருந்து நான்கு நாள் முன்னோக்கி எண்ணுங்கள். அன்று காலைதான் அழகர் திரும்பவும் மலைக்குப் போய்ச் சேர்வார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இங்கே சொல்லப்போவது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். மதுரையில் நடப்பது ஒரு திருவிழா இல்லை, இரண்டு. ஒன்று மீனாட்சி கோயிலின் பன்னிரண்டு நாள் விழா. கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேர் என்று அதற்குத் தனி வரிசை. மற்றது, நகருக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் மலையடிவாரத்தில் இருக்கும் கள்ளழகரின் பயணம். இரண்டையும் சித்திரையில் சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையில் எல்லோரும் சொல்வது. அதற்கு முன் மீனாட்சியின் தேர் மாசியில் ஓடியது, அழகர் சோழவந்தான் பக்கத்துத் தேனூரில் ஆற்றில் இறங்கினார் என்பார்கள். இதற்கு ஏட்டுச் சான்று தேடி அலைய வேண்டாம். சித்திரைத் தேர் இன்றைக்கும் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, மாசி வீதிகளில்தான் சுற்றுகிறது. வண்டியூர்ப் பக்கம் வைகைக்குள் நிற்கும் மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். அங்கே தேனூர்க்காரர்களுக்கு உரிமையும் உண்டு. ஊரைத் தாண்டிப் போன விழாவின் தடம் இந்தப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம், அண்ணன் சீரோடு வருகிறான், வருவதற்குள் தாலி ஏறிவிட்டது, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டான் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள் என்பது பலருக்குத் தெரியாது. சடங்கின்படி அழகருக்கு அந்தக் கல்யாணத்தில் வேலையே இல்லை. ஆனாலும் மக்கள் கதையைத்தான் வைத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பிந்தி வந்து சண்டை போட்ட மாமன் இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா என்ன.

இனி வேலைக்கு வருவோம். திருவிழாவுக்கு முதலில் தயாராகிறவர்கள் கோயில்காரர்கள் இல்லை, நேர்ந்துகொண்டவர்கள். பிள்ளை பிறந்தால், காய்ச்சல் தணிந்தால், வழக்கு ஜெயித்தால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறேன், திரி எடுத்து ஆடுகிறேன், சர்க்கரைச் செம்பு எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்று ஏதோ ஒரு நேர்த்தி. அழகர் கோயிலைப் பற்றித் தொ. பரமசிவன் எழுதிய ஆய்வு நூல், இந்தப் பக்தர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள், என்ன வேடம் போடுகிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்றெல்லாம் நிதானமாகப் பதிவு செய்கிறது. பெருமாள் கோயில் ஒன்றைப் பற்றிய நூலில் வயல்காட்டு மனிதர்களுக்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார். விழாவுக்கு வருமுன் அதைப் படித்துவிட்டு வந்தால் கண் முன்னால் நடப்பதில் பாதி தானாகப் புரியும்.

நேர்த்திக்காரர்களின் முதல் படி உடை. தலையில் குல்லாய் அல்லது உருமால், உடம்பில் பளபளக்கும் சிவப்பு, மஞ்சள் துணியில் சட்டை, இடுப்பில் கச்சை, முழங்கால் வரை சல்லடம், காலில் சலங்கை. கள்ளர் கோலத்தில் வரும் அழகருக்குத் துணையாக வருகிறவர்களின் கோலம் இது. இதைத் தைப்பதற்கென்றே மதுரையில் தையற்காரர்கள் இருக்கிறார்கள். பல தலைமுறையாக அவர்கள் மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில் இருக்கும் புதுமண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. மண்டபத்தைக் காலிசெய்து பழையபடி ஆக்க வேண்டும் என்று முடிவானபின் கடைகள் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. பங்குனி பிறந்ததும் அங்கே போய் நின்றால் இந்தப் பேச்சுதான் காதில் விழும்:

"என்ன தாயி, போன வருஷ அளவே போதுமா?"

"எங்கண்ணே போதும்! புள்ள ஒரு சாண் வளந்துட்டான். சல்லடத்த நல்லா மடிச்சுத் தைங்க, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்."

நேர்த்தி மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று போகும் வீடுகளில் மடிப்பு விட்டுத் தைப்பது சிக்கனம் மட்டுமில்லை. பிள்ளை அதுவரை நன்றாக வளர்வான் என்ற நம்பிக்கையும் அதற்குள் மடிந்திருக்கிறது. கைக்குழந்தைக்குக்கூட அளவெடுத்து அழகர் உடை தைக்கிறார்கள்.

அடுத்தது துருத்தி. இந்த ஒரு சாமானுக்காகவே கொஞ்சம் நின்று பேச வேண்டும். துருத்தி என்பது ஆட்டுத் தோலைக் கிழிக்காமல் முழுசாக உரித்து, பதப்படுத்தி, மயிர் நீக்கிச் செய்யும் பை. கால் பக்கத்துத் துளைகளை இறுகக் கட்டிவிடுவார்கள். ஒரு பக்கத்தில் தண்ணீர் ஊற்ற வாய். இன்னொரு பக்கத்தில் பீய்ச்சுவதற்குப் பித்தளைக் குழல். பை தோளில் தொங்கும். ஒரு கை பையை அக்குளோடு சேர்த்து அமுக்க, மறு கை குழலைப் பிடித்துக் குறி பார்க்கும். கிடக்கிற தோல் விறைத்துப் போகும் என்பதால் விழாவுக்கு முன்பே அதை ஊறவைத்து மெதுமெதுப்பாக்க வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, கட்டு எங்கே தளர்கிறது, தோல் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். கசிந்தால் அந்த இடத்தைச் சுருட்டிக் கயிற்றால் மறுபடி கட்டுவார்கள். குழலின் துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு தூரம் தண்ணீர் போகும், ஆனால் அவ்வளவு பலமாகவும் அமுக்க வேண்டும். நாள் முழுக்க அமுக்கிப் பழகாத கை மறுநாள் தூக்க வராது. அதனால் விரத நாட்களிலேயே வீட்டு முற்றத்தில் பழகுவதும் உண்டு.

தண்ணீரில் மஞ்சள், பன்னீர், வாசனைத் திரவியம் கொஞ்சம் சேர்ப்பார்கள். சித்திரை வெயிலில் மலையிலிருந்து வருகிற சாமியைக் குளிரவைப்பது என்பதுதான் இதன் எண்ணம். நடுவில் சில காலம் இது கெட்டுப்போனது. மோட்டாரிலும் விசைப் பம்பிலும் தண்ணீரைப் பாய்ச்ச ஆரம்பித்தார்கள். தண்ணீரில் என்னென்னவோ கலந்தார்கள். அழகரின் மேனிக்கும் குதிரை வாகனத்துக்கும் பட்டர்களுக்கும் கேடு என்று புகார் எழுந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. பம்பு கூடாது, வேதிப்பொருள் கூடாது, தோல் பையில் பீய்ச்சினால் போதும் என்ற கட்டுப்பாடுகள் வந்தன. சரியான முடிவு என்றுதான் சொல்வேன். அக்குளில் வைத்து அமுக்கி அமுக்கி, கை ஓய்ந்து, மறுபடி நிரப்பி அமுக்குவதுதான் நேர்த்தி. பொத்தானைத் தட்டிப் பாய்ச்சுவது தோட்ட வேலை.

சர்க்கரைச் செம்புக்கு இவ்வளவு பாடு இல்லை. பெண்கள் பெரும்பாலும் எடுப்பது இதுதான். செம்பைத் துலக்கி, பொட்டு வைத்து, சர்க்கரையை வாய் வரை நிரப்பி, வாழை இலையால் மூடி, அதன் மேல் சூடம் ஏற்றி, அழகர் முன்னால் வரும்போது காட்ட வேண்டும். காட்டி முடித்த சர்க்கரை சுற்றி நிற்கிறவர்களுக்கு. ஆயிரக்கணக்கான செம்புகளில் சூடம் எரியும் இடத்தில் நைலான் சேலை வேண்டாம், பருத்திதான் நல்லது.

இனி மண்டகப்படி. அழகர் திருவிழாவைத் தாங்கி நிற்பது இதுதான், வெளியூர்க்காரர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். அழகர் மலையிலிருந்து வண்டியூர் வரை போகிற வழியில் ஒவ்வொரு மண்டபத்திலும் பந்தலிலும் நின்று, தீபாராதனை ஏற்று, அடுத்ததற்குப் போகிறார். அப்படி நிற்கும் இடங்கள் நானூறுக்கும் மேல். கல்லால் கட்டிய பழைய மண்டபங்கள் சில; மற்றவை தென்னங்கீற்றும் சாமியானாவும் வாழை மரமும் கட்டிய தற்காலிகப் பந்தல்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பத்துக்கோ சாதிக்கோ சங்கத்துக்கோ தெருவுக்கோ உரியது. தாத்தா எழுதிவைத்த உயிலில் நிலத்துக்கு அடுத்து மண்டகப்படி உரிமை இடம்பெற்றிருக்கும். இந்த உரிமைக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போன கதைகளும் மதுரையில் உண்டு.

மண்டகப்படி நடத்துகிற வீட்டார் கோயிலில் பதிவைப் புதுப்பித்துக் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். கோயில் வெளியிடும் பட்டியலில் எந்த மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறார் என்று இருக்கும். அந்த நேரத்தை வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். கணக்கு எளிது. நானூறு இடம், ஒவ்வொன்றிலும் மூன்றே நிமிஷம் என்றாலும் நிற்பதற்கு மட்டும் இருபது மணி நேரம். நடப்பது தனி. மூன்று நிமிஷத்தில் எந்த மண்டகப்படியும் முடிந்ததில்லை. கூட்டம் சேரச் சேரத் தாமதமும் சேர்ந்துகொண்டே வரும். அதனால்தான் பந்தலில் காத்திருப்பவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் அழகர் எங்கே வருகிறார் என்று பார்த்து வந்து சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது அழகர் இருக்கும் இடத்தைக் கைபேசியில் காட்டும் செயலிகூட வந்துவிட்டது. ஆனாலும் "ரிசர்வ் லைன் தாண்டிட்டாரு" என்று மூச்சு வாங்க ஒருவர் வந்து சொல்வதில் இருக்கிற பரபரப்பு அதில் இல்லை.

அழகர் வந்து நின்றதும் நடப்பது சுருக்கம்தான். மாலை சாத்துவார்கள், தேங்காய் உடையும், தீபாராதனை. வீட்டுப் பெரியவருக்குப் பரிவட்டம், மாலை, தீர்த்தம், சடாரி. பிறகு "கோவிந்தா" என்று ஒரு குரல். சீர்பாதம் தாங்கிகள் தோள் கொடுக்க, பல்லக்கு எழும்பிவிடும். இவ்வளவுக்காக முந்தின நாளிலிருந்து அண்டாவில் புளியோதரையும் தயிர்சாதமும் கிளறுகிறார்கள். அழகருக்கு ஒரு கை நைவேத்தியம், மிச்சமெல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்கு. பின்தொடர்கிறவர்கள் சோற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பானகம், நீர்மோர், பழம், பொங்கல் என்று பத்தடிக்கு ஒரு பந்தல் இருக்கும். இஸ்லாமியர் நடத்தும் நீர்மோர்ப் பந்தல்களும் அதில் உண்டு. வாங்கக் கூச்சப்படாதீர்கள். வேண்டாம் என்று தலையாட்டுகிறவரைத்தான் இந்த ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

புறப்பாட்டு மாலைக்கு வருவோம். அழகர்கோயிலில் சுந்தரராஜப் பெருமாளாக இருந்தவர் அன்று கள்ளழகர் ஆகிறார். கண்டாங்கிப் பட்டு, தலையில் கொண்டை, காதில் கடுக்கன், கையில் வளைதடியும் நேரிக்கம்பும். கொண்டப்ப நாயக்கர் மண்டபத்தில் கொஞ்சம் இருந்துவிட்டுப் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சன்னதிக்கு வருவார். அங்கே உருவம் இல்லை. சந்தனம் பூசிய பெரிய கதவுகள்தான் கருப்பன். மலைக்குக் காவல் அவர். அழகர் அணிந்துபோகும் நகைகளின் கணக்கை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவது வழக்கம் என்பார்கள். தனக்குக் காவல் இருப்பவனிடம் பெருமாளே கணக்குச் சொல்லி விடைபெறுகிறார். தங்கப் பல்லக்கு அந்தி சாயும் நேரத்தில் கோட்டை வாசலைத் தாண்டும். பின்னால் உண்டியல்கள் வண்டியில் ஏறிக் கூடவே வரும். இதுவும் அழகருக்கே உரிய வசதி. பக்தர் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட வேண்டியதில்லை. உண்டியல் தெருவுக்கு வரும்.

இரவு முழுவதும் நடை. பொய்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி என்று கிராமங்கள். நிஜமாகப் பின்தொடர விரும்புகிறவர் இந்த இரவைத் தவறவிடக் கூடாது. நகரத்துக் கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. தீவட்டி வெளிச்சத்தில் பல்லக்குக்குப் பக்கத்தில் நடக்கலாம். வழியில் வர்ணிப்பாளர்கள் பாடுவதைக் கேட்கலாம். அழகர் மலையை விட்டு இறங்கியது முதல் திரும்பிப் போவது வரை ஒவ்வொரு கட்டத்தையும் ராகம் போட்டு வர்ணித்துப் பாடுவதுதான் வர்ணிப்பு. ஒலிபெருக்கியில் அலறும் பதிவு செய்த பாட்டுகளை இது என்று நினைத்துவிட வேண்டாம். மண்டபத் திண்ணையில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் எடுக்க மற்றவர் வாங்கிப் பாடும்போதுதான் அதன் நடை புரியும். காலுக்குப் பழைய செருப்பு, கையில் ஒரு துண்டு, இரண்டும் போதும். புதுச் செருப்பு போட்டு வந்தவர்களைக் கள்ளந்திரியிலேயே வெறுங்காலோடு பார்க்கலாம்.

விடிந்தால் மூன்றுமாவடி. நகரம் அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை இங்கேதான் தொடங்குகிறது. மதுரையில் ஒரே இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் சொல்லும் இடம் இது. இரவெல்லாம் நடந்து வந்தவர்களும், நகருக்குள்ளேயிருந்து கிளம்பி வந்தவர்களும் சந்திக்கிற இடம். துருத்தியோடு வந்தவர்கள் தண்ணீர் பீய்ச்ச, திரி எடுத்தவர்கள் எரியும் திரியோடு ஆட, சர்க்கரைச் செம்புகளில் சூடம் எரிய, நையாண்டி மேளமும் உறுமியும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும். கரகாட்டம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் தெருவிலேயே. டிக்கெட் இல்லை, மேடை இல்லை, தலைமையுரை இல்லை. அழகர் வேடம் போட்ட ஐந்து வயதுப் பையன் அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருப்பான். விசிறி நேர்ந்துகொண்டவர்கள் யார் எவர் என்று பாராமல் எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு போவார்கள். இவர்களைப் படமெடுக்க யாரும் முண்டியடிப்பதில்லை. எனக்கு இந்த விழாவில் மிகவும் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

புதூர், ரிசர்வ் லைன் என்று மண்டகப்படி மண்டகப்படியாக நகர்ந்து, இரவு தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலுக்கு அழகர் வந்து சேர்வார். அங்கே திருமஞ்சனம். அழகருக்கு வேறு தண்ணீர் ஆகாது, மலை மேல் இருக்கும் நூபுரகங்கையின் தீர்த்தம்தான் வேண்டும். அதனால் அதுவும் மலையிலிருந்து கூடவே வந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வரும். அதைச் சாத்திக்கொண்டு தங்கக் குதிரை வாகனத்தில் ஏறுவார். பிறகு தமுக்கம் பக்கம் கருப்பணசாமி கோயில் முன்பு ஆயிரம் பொன் சப்பரம்.

எந்த நிறப் பட்டு உடுத்துவார் என்ற பேச்சும் இந்த இரவில்தான். பட்டர் பெட்டிக்குள் கையை விட்டு, அகப்படுகிற பட்டை எடுத்துச் சாத்துகிறார் என்பது நம்பிக்கை. பச்சை வந்தால் நாடு செழிக்கும், சிவப்பு வந்தால் ஆகாது என்று ஆளுக்கொரு பலன் சொல்வார்கள். மறுநாள் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியும் அதுதான். பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் பச்சைப்பட்டுதான் வந்திருக்கிறது. அதற்காக மழை தவறாமல் பெய்துவிடவில்லை.

ஆற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடியற்காலை ஆறு மணியை ஒட்டி, ஆழ்வார்புரத்தில் வைகையின் வடகரையிலிருந்து தங்கக் குதிரையில் இறங்குவார். வெள்ளிக் குதிரையில் வீரராகவப் பெருமாள் எதிர்கொண்டு அழைப்பார். தென்கரைக்கு, மீனாட்சி இருக்கும் பக்கம், அழகர் ஏறுவதே இல்லை. அன்றைக்கு ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் வைகை அணையிலிருந்து விழாவுக்காகத் திறந்துவிட்ட தண்ணீர். அணை வறண்ட ஆண்டுகளில் மணலில் தொட்டி கட்டி நீர் நிரப்பி அதில் இறக்கியிருக்கிறார்கள். பல லட்சம் பேர் கூடும் இடத்தில் குதிரையின் தலை ஒரு கணம் தெரிந்தால் அதுவே பெரிய பாக்கியம்.

கொரோனாவால் இரண்டு ஆண்டுகள், 2020-இலும் 2021-இலும், விழா கோயிலுக்குள்ளேயே நடந்தது. 2022-இல் அழகர் மீண்டும் ஆற்றுக்கு வந்தபோது நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏ.வி. பாலத்தின் மேல் இடம் பிடிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் அங்கே ஏற்கெனவே ஒரு ஊரே நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அழகர் இறங்கிய பிறகு மொட்டை போடுகிறவர்கள் ஆற்றங்கரையில் வரிசையாக உட்காருவார்கள். அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை.

கூட்டம் வடிந்தபிறகு, பகலில் ராமராயர் மண்டபத்துக்குப் போங்கள். துருத்திக்காரர்களுக்கு இதுதான் முக்கியமான இடம். நாலாபக்கமும் தோல் பைகள் அமுங்க, குதிரை வாகனமும் பட்டரும் தாங்கிகளும் தூரத்தில் நிற்கும் நீங்களும் சேர்ந்து நனைவீர்கள். உச்சி வெயிலில் அந்தத் தண்ணீர் மேலே விழுந்தால்தான் ஏன் இப்படி ஒரு நேர்த்தி பிறந்தது என்று தெரியும். கைபேசியை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்கு நஷ்டம். அழகர் அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயில் போய்ச் சேர்கிறார். அங்கே துலுக்க நாச்சியார் என்ற இஸ்லாமியப் பெண்ணைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு கதை உண்டு. மறுநாள் காலை சேஷ வாகனம். பிறகு தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் ஏறி, சாபத்தால் தவளையாகக் கிடந்த மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிறார். அப்போது ஒரு நாரையைப் பறக்க விடுவார்கள். பழைய கணக்குப்படி பார்த்தால் அழகர் மலையை விட்டு இறங்குவதே இதற்காகத்தான். கல்யாணக் கதை பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. மதுரையில் பாதிப் பேர் இதைப் போய்ப் பார்த்ததில்லை.

அன்று இரவு மறுபடி ராமராயர் மண்டபம், தசாவதாரம். முத்தங்கி சேவையில் தொடங்கி மச்சம், கூர்மம், வாமனர், ராமர், கிருஷ்ணர் என்று ஒவ்வொரு அலங்காரமாக மாறிக்கொண்டே வந்து, விடியும்போது மோகினியாக நிற்பார். எண்ணிப் பார்த்தால் பத்து வராது. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் இல்லை. ஒரு அலங்காரம் முடிந்து திரை போட்டால் அடுத்தது தயாராக நேரமாகும். அதற்குள் வைகைக் கரையில் ராட்டினம் ஏறி, பஞ்சுமிட்டாய் தின்று, பாய் விரித்து ஒரு தூக்கம் போட்டு எழுந்து வருவார்கள். குடும்பத்தோடு வருவதற்கு இந்த இரவுதான் ஏற்றது. ஆற்றில் இறங்கும் நாளின் நெரிசலும் இல்லை, வெயிலும் இல்லை.

அடுத்த இரவு தல்லாகுளம் சேதுபதி மண்டபத்தில் திரும்பவும் கள்ளழகர் கோலம், நடுநிசி தாண்டிப் பூப்பல்லக்கு. அதோடு நகரம் அழகரை வழியனுப்பிவிடுகிறது. வந்த வழியே திரும்புகிறார். வரும்போது தவறவிட்ட மண்டகப்படிக்காரர்கள் போகும்போது பிடித்துக்கொள்வார்கள். சித்திரைப் பொருட்காட்சி மட்டும் அப்பளக் கடையும் மரணக் கிணறுமாக அதன் பிறகும் பல நாள் நடக்கும்.

மலைக்குத் திரும்புகிற காலையைப் பார்க்கப் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்தான் இருப்பார்கள். கருப்பணசாமியிடம் வந்துவிட்டேன் என்று சொல்லி, கோட்டை வாசல் தாண்டி வருகிற அழகருக்குப் பெண்கள் பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றித் திருஷ்டி கழிப்பார்கள். இத்தனை லட்சம் கண் பட்டு வந்தவருக்கு அது தேவைதான். பிறகு உண்டியல்களை இறக்கி எண்ணுவார்கள்.

விடுமுறை ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் ஆற்றில் இறங்கும் நாளை விட்டுவிடுங்கள். அதைத் தொலைக்காட்சி உங்களைவிட நன்றாகப் பார்த்துச் சொல்லும். முந்தின நாள் காலை மூன்றுமாவடிக்கு வாருங்கள். இரண்டு நாள் கிடைத்தால் தசாவதார இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் நீர்மோர் குடித்த பிளாஸ்டிக் டம்ளரை ஆற்றில் வீசாமல் கையோடு கொண்டுபோனால் மதுரைக்காரர்கள் நன்றி சொல்வார்கள்.